பன்னிரண்டு காசு

சயான் வங்கிக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனேன்.
படிவத்தில் வேலை: உதவி லோகோ பைலட்.
மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்,
"எஞ்சினுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம், மேடம்?"
இல்லை என்றேன்.
அடமானத்துக்கு வீடே இல்லை என்றதுபோல
முகம் விழுந்துவிட்டது அவருக்கு.

சக்கரம் உருளை அல்ல சார்,
லேசாகச் சரித்துச் சீவிய கூம்பு.
வளைவு வந்தால் அச்சோடு கொஞ்சம் வெளியே ஒதுங்கும்.
வெளிச்சக்கரம் தன் பருத்த இடத்தில் உருள,
உட்சக்கரம் தன் மெலிந்த இடத்தில் உருள,
ஒரே அச்சில் பிறந்த இரண்டும்
ஒரே சுற்றில் வேறு வேறு தூரம் போகும்.
விளிம்பு உரசி வீறிடுவது
கூம்பால் முடியாதபோதுதான்.
சொல்ல வாய்க்கவில்லை.
அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள்.

இப்போது நேரம் கிடக்கிறது.
வடாலா யார்டுக்கு வெளியே, இரவு இரண்டு ஐம்பது,
சிவப்பு.
பின்னால் நாற்பத்திரண்டு வேகன் சிமெண்ட்.
கைர்நார் சாப் டப்பாவைத் திறந்து
பாக்ரியும் பூண்டுச் சட்னியும் நீட்டுகிறார்.
வேண்டாம் என்கிறேன்.
இகத்புரியில் ஏறியதிலிருந்து
தண்ணீர்கூடத் தொடவில்லை நான்.

இந்த எஞ்சினுக்கு ஆறாயிரம் குதிரைச் சக்தி.
கழிப்பறை கிடையாது.
நிஜக் குதிரைகளாக இருந்தால்
ஆறாயிரமும் நின்ற இடத்திலேயே
காரியத்தை முடித்திருக்கும்.

மனத்தை வேறு பக்கம் திருப்பு.

நூற்று இருபத்து மூன்று டன் எடை,
பன்னிரண்டு சக்கரம்.
ஒவ்வொன்றும் தண்டவாளத்தைத் தொடுமிடம்
ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசின் அகலம்.
பன்னிரண்டு ரூபாய்ச் சில்லறை மேல் நிற்கிறது
இத்தனை இரும்பும், கைர்நாரும், நானும், என் வயிறும்.
ஜூன் மழையில் அந்தக் காசுகள் வழுக்கினால்
எஞ்சின் தன் காலடியில் தானே மணல் தூவிக்கொள்ளும்.
ஈரமில்லாத மணல்.
உப்புமாவுக்கு ரவை வறுப்பதுபோல
ஷெட்டில் சூடு காட்டி வைத்தது.

கசாரா மலையில் முப்பத்தேழுக்கு ஒன்று சரிவு.
இறங்கும்போது மோட்டார்கள் வேலையைத் தலைகீழாக்கி
மின்சாரம் செய்து கம்பிக்கே திருப்பி அனுப்பும்.
சற்றுமுன் நாங்கள் இறங்கிய பாரத்தில் கொஞ்சம்
எதிரே ஏறிய ஏதோ ஒரு நாசிக் வண்டிக்குப் போயிருக்கும்.
அவர்களுக்குத் தெரியாது.
நன்றிக்கு ஹாரனில் குறியீடும் இல்லை.

இது புதிதும் அல்ல.
இருபத்தெட்டாம் வருஷம், வெள்ளைக்காரன் காலத்தில்,
மலைக்கென்றே வந்த நீள மூக்கு எஞ்சின்களும்
இப்படித்தான் இறங்கின.
மின்சாரத்தில் ஓடியும்
நீராவியின் முழங்கைகளை விடவில்லை அவை,
தண்டுகளை வீசி வீசி நடந்தன.
நின்றால் ஒரு முனகல் கேட்குமாம்.
அதனால் பெயர் கேக்டா. நம்மில் நண்டு.
நண்டு முனகுமா என்று கைர்நாரைக் கேட்டேன்.
"சட்டியில் போட்டால்" என்றார் மென்றுகொண்டே.

ஓட்டத்தில் அறுபது நொடி எதையும் தொடாமலிருந்தால்
விளக்கு மினுக்கும்,
பிறகு அலாரம் கத்தும்,
பிறகு நாங்கள் போய்விட்டோம் என்று முடிவுகட்டி
எஞ்சினே பிரேக்கைப் போட்டுவிடும்.
நிற்கும்போது அந்தக் கவலை அதற்கு இல்லை.
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்
போயிருக்கலாம்.

மூன்று இருபது.
தண்டவாளத்துக்கு நடுவே ஒரு நாய்
எங்கள் விளக்கு வெளிச்சத்தில்
மிக நிதானமாக
ஒரு காலைத் தூக்குகிறது.

மூன்று நாற்பது.
கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது,
சிக்னலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,
மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். விதி.
"மஞ்சள்!"
அவசரத்தில் தமிழாக வந்துவிட்டது.
"மஞ்சள்" என்கிறார் கைர்நார்,
அர்த்தம் கேட்காமல், லீவரைத் தள்ளியபடி.

பன்னிரண்டு காசும் உருளத் தொடங்குகின்றன.
வடாலா லாபியில் பெண்கள் அறைச் சாவி
இந்த நேரத்தில் யாரிடம் இருக்கும்,
இவரிடம் கேட்பதா,
வேண்டாமா.